32க்கு 40: கணினி மெஷினில் முதல் போர்வை

கணினி குவில்ட்டிங் மெஷின் பழக வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அவர்கள் கையில் இருக்கும் துணியின் அளவைத்தான். கட்டில் நிறைய விரிக்கிற போர்வைக்குத் துணியை வெட்டிக் கொண்டுவந்து நின்றால், அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வரச் சொல்வேன். 32 அங்குல உயரம், 40 அங்குல அகலம், அவ்வளவு போதும். குழந்தையைத் தரையில் கிடத்தி விளையாட விடுகிற விரிப்பின் அளவு அது. அந்த அளவு ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். பெரிய போர்வையில் வரக்கூடிய தவறு அத்தனையும் இந்தச் சின்னதிலும் வரும். பிரித்துத் தைக்கத்தான் ஒரு வாரம் ஆகாமல் ஒரு சாயங்காலத்தோடு முடிந்துவிடும்.

குவில்ட் நமக்குப் புதிதல்ல. மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று நகராமல் ஊடே ஓடுகிற தையல். வங்காளத்துக் காந்தாவும், உத்தர கன்னடத்துச் சித்தி பெண்கள் கையால் தைக்கிற கவந்தியும் இதன் உறவுக்காரர்கள்தான். நைந்துபோன சேலைகளை நாலாக மடித்து ஓட்டுத் தையல் போட்டுப் பாயின்மேல் விரித்த வீட்டில் வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

மெஷின்தான் புதிது. வீட்டுத் தையல் மெஷினில் ஊசி ஒரே இடத்தில் நிற்கும், துணியை நாம் தள்ளுவோம். நீள்கை மெஷினில் இது தலைகீழ். பத்துப் பன்னிரண்டு அடி நீளச் சட்டத்தில் உருளைகளுக்கு நடுவே துணி இழுத்துக் கட்டப்பட்டு அசையாமல் கிடக்கும். மெஷின் தண்டவாளத்தின்மேல் சக்கரத்தில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடும். கையால் பிடித்து ஓட்டினால் அது சாதாரண நீள்கை மெஷின். இரண்டு மோட்டார்களும் ஒரு டேப்லெட்டும் அதை இழுத்துப்போய், நாம் தேர்ந்த வடிவத்தைத் தானே தைத்தால் அது கணினி மெஷின். கேமில் நிறுவனத்தின் ஸ்டாட்லர், ஹாண்டி குவில்ட்டரின் புரோ ஸ்டிச்சர், இன்னோவாவின் ஆட்டோபைலட் என்று பெயர்கள் பல. திரையில் பொத்தான்கள் இடம் மாறியிருக்கும், வேலை ஒன்றுதான்.

நான் பைராம் தோட்டத்துப் பிள்ளை. நிபோங் திபால் பக்கம் வராதவர்களுக்காக ஒரு வார்த்தை: இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ராம்ஸ்டன் குடும்பத்துக்கு இருந்த மாளிகையின் பெயர் பைராம். பினாங்குச் சர்க்கரைத் தோட்டங்கள் அந்தக் குடும்பத்தின் கையில் இருந்ததால் அந்தப் பெயர் கடல் தாண்டி வந்து எங்கள் மண்ணில் ஒட்டிக்கொண்டது. முதலில் கரும்பு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர், பிறகு செம்பனை. பயிர் மாறிய ஒவ்வொரு தடவையும் இங்குள்ளவர்கள் கையில் கருவியும் மாறியது. கரும்பு வெட்டிய கத்தியை வைத்துவிட்டுப் பால் வெட்டும் கத்தி. அதை வைத்துவிட்டுக் குலை தள்ளும் உளி. யாரும் எங்கள் ஆட்களுக்கு வகுப்பு நடத்திக் கற்பிக்கவில்லை. ஆகவே, "எங்களுக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் வருமா?" என்று தோட்டத்துப் பெண் ஒருத்தி கேட்கும்போது எனக்கு மனசு பொறுக்காது. வரும். ஏற்கெனவே கையில் இருக்கிறது.

எப்படி என்று ஓர் உதாரணம். அம்மா பால் வெட்டினார். மரப்பட்டையைச் சீவும்போது கத்தி கேம்பியம் என்ற உயிர்ப்படலத்தைத் தொட்டுவிடக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டுவைக்க வேண்டும். ஆழமாகப் போனால் மரத்தில் காயம், மேலோட்டமாகப் போனால் பால் குறைவு. இருட்டு விலகாத வேளையில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், அளவுகோல் இல்லாமல் அதைச் செய்தார். கணினி மெஷினில் ஊசியோடு சேர்ந்து குதிக்கிற பாதம் ஒன்று உண்டு. அது துணியடுக்கை அழுத்தக் கூடாது, எட்டியும் நிற்கக் கூடாது. ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி வேண்டும். தாழ்ந்தால் துணியை இழுத்துச் சுருக்கும், உயர்ந்தால் தையல் தப்பும். இந்த உயரத்தை எந்தக் கணினியும் பார்த்துச் சொல்லாது. விரல்தான் சொல்லும்.

துணியில் தொடங்குவோம். முதல் போர்வைக்குச் சேலை வேண்டாம். பாலியெஸ்டர் சேலை வழுக்கும், பட்டில் ஊசித்துளை அப்படியே நிற்கும். நல்ல பருத்திக் கைலி எடுங்கள். நெசவு இறுக்கமாக, நகராமல் இருக்கும். பாத்தேக் துணியும் நன்று, ஆனால் முன்பே இரண்டு தடவை அலசிவிடுங்கள், சாயம் போகும். ஜார்ஜ் டவுன் லெபோ பசாரில், நம்மவர் வாயில் கடைத் தெருவில், மீட்டர் துணி வாங்கினாலும் அலசல் உண்டு. அலசியபின் கஞ்சி போட்டுத் தேய்த்துவிடுங்கள். பள்ளிச் சீருடைக்குக் கஞ்சி போட்ட கைக்கு இதையும் சொல்லத் தேவையில்லை. விறைப்பான துணி சட்டத்தில் நேராக நிற்கும்; தொடக்கக்காரரின் பாதித் தலைவலி அதோடு போய்விடும்.

மேல்துணி 32க்கு 40 என்றால் அடித்துணி 40க்கு 48. நாலு பக்கமும் நாலு அங்குலம் கூட. பஞ்சும் அதே அளவு. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். பினாங்குத் தீவில் ஒரு சிறு பட்டறையில் பழகினேன். முதல் நாள் அடித்துணியை இரண்டு அங்குலம் மட்டும் கூட்டி வெட்டிக்கொண்டு போனேன். பக்கவாட்டில் துணியை இழுத்துப் பிடிக்கிற கிளாம்ப் தையல் வரும் இடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. மெஷின் வளைவெடுத்து வந்து கிளாம்ப்பில் மோதி, பாதம் வளைந்து, ஊசி முறிந்து ஒரு துண்டு பஞ்சுக்குள் போய்விட்டது. குழந்தை விரிப்புக்குள் ஊசித் துண்டு! காந்தம் வைத்துத் தேடி எடுக்க அரைமணி நேரம். திரைக்குத் துணியின் எல்லை தெரியும். துணியைப் பிடித்திருக்கிற இரும்பு தெரியாது என்பதை அன்று கற்றேன். ஊசி முறிந்தால் அத்தனை துண்டையும் மேசைமேல் சேர்த்துப் பார்த்து, முழு ஊசி கிடைத்த பிறகே வேலையைத் தொடருங்கள்.

அடித்துணியின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். கத்தரிக்கோலை நம்பாமல் நூல் போக்கில் கிழித்து எடுங்கள், நேராக வரும். உருளைகளில் முன்னோட்டத் துணி என்று கித்தான் பட்டை தொங்கும். அதில் அடித்துணியை நடுவிலிருந்து இரு பக்கமும் குண்டூசி குத்திக்கொண்டே போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் கடைசியில் ஒரு பக்கம் துணி மிஞ்சும். குஷன் உறை அளவுக்கு இன்னும் சின்னதாகத் தைக்கிறீர்கள் என்றால் அடித்துணி இரண்டு உருளைக்கும் எட்டாது. மேலும் கீழும் பழைய வேட்டித் துண்டைச் சேர்த்து நீட்டிக்கொள்ளுங்கள். முடிந்ததும் பிரித்து அடுத்த தடவைக்கு வைக்கலாம்.

இறுக்கம் எவ்வளவு? புதியவர்கள் தவில் தோல்போல இழுத்துக் கட்டுவார்கள். போர்வையை இறக்கியதும் துணி சுருங்கிக் கொப்புளம் கொப்புளமாக நிற்கும். அடியிலிருந்து ஆள்காட்டி விரலை மேலே குத்துங்கள். மேலே இருக்கும் கையால் அந்த விரல் நுனியைத் துணியோடு சேர்த்துப் பிடிக்க முடிந்தால் சரி. ஏணை கட்டுகிறவருக்கு இந்தத் தளர்வு புரியும்.

பஞ்சை விரித்து, அதன்மேல் மேல்துணியை விரியுங்கள். சின்னப் போர்வையின் மேல்துணியை உருளையில் மாட்டத் தேவையில்லை, சும்மா மேலே கிடத்தினால் போதும். மேல்விளிம்பில் நேராக ஒரு நீளத் தையல், பிறகு இரண்டு பக்கமும் கீழ்நோக்கி எட்டுகிற வரைக்கும். இந்தத் தற்காலிகத் தையலைச் செய்யாமல் கணினியைத் தொடவே கூடாது.

இனி நூல். இந்தத் தொழிலில் கண்ணுக்குத் தெரியும் தரம் முழுக்க நூல் இறுக்கத்தில்தான். பழகும்போது மேல்நூல் சிவப்பு, பாபின் நூல் நீலம் போடுங்கள். மேல்பக்கத்தில் நீலப் புள்ளிகள் எட்டிப் பார்த்தால் மேல்நூல் அதிகம் இறுகியிருக்கிறது, அல்லது பாபின் தளர்ந்திருக்கிறது. அடிப்பக்கத்தில் நீல நூல் மடங்காமல் கோடு போட்டதுபோல் படுத்திருந்தால் மேல்நூல் தளர்வு. நேர்கோட்டில் ஒழுங்காக இருந்து வளைவில் மட்டும் கண்ணிமை மயிர்போல வளையங்கள் வந்தால் அதுவும் மேல்நூல் தளர்வுதான், கூடவே வேகமும் அதிகம். இந்த மெஷின்கள் நிமிடத்துக்கு 1,800 தையலுக்கு மேலும் ஓடும். அது விற்பவர் சொல்லும் பெருமை. பழகுகிறவர் அதில் பாதிக்கும் கீழே வையுங்கள். அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் அழகான அளவு.

பாபின் கேஸைச் சோதிக்க விலை கொடுத்து வாங்கும் கருவியும் உண்டு. காசில்லாத வழி: நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். சரேலென்று கீழே ஓடினால் தளர்வு. அசையாமல் நின்றால் இறுக்கம். மணிக்கட்டை லேசாகச் சுண்டும்போது சிலந்திபோலக் கொஞ்சம் இறங்கி நின்றால் போதும். ஒவ்வொரு பாபின் மாற்றும்போதும் உள்ளே சேர்ந்திருக்கும் பஞ்சுத்தூசியைத் தட்டுங்கள். ஊசியை ஒவ்வொரு போர்வைக்கும் மாற்றுங்கள். சாதாரணப் பருத்திக்கு 16ஆம் நம்பர் போதும், தடித்த அடுக்குக்கு 18. சோதனைத் தையலை வேறு துண்டில் போட்டுப் பார்ப்பது போதாது. அதே அடித்துணி, அதே பஞ்சு, பக்கத்தில் மிஞ்சியிருக்கிற நாலு அங்குல ஓரத்தில் போடுங்கள். அந்த நாலு அங்குலத்துக்கு இது இரண்டாவது வேலை.

திரைக்கு இடம் சொல்வது

இப்போதுதான் டேப்லெட். பலர் இதற்குத்தான் பயப்படுவார்கள், உண்மையில் இதுதான் எளிது. மெஷினைத் தள்ளிக்கொண்டு போய் மேல்துணியின் இடது மேல்மூலையில் ஊசியை நிறுத்தி ஒரு குறி. வலது மேல்மூலையில் ஒரு குறி. பிறகு கீழே இரண்டு. திரையில் ஒரு பெட்டி விழும். அந்தப் பெட்டிக்குள் வடிவத்தை நிரப்பச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் 32 என்ற கணக்கு வருகிறது. 20 அங்குலக் கையுள்ள மெஷினில், உருளையில் சுற்றிய துணி அடைக்கிற இடம் போக, ஒரே மூச்சில் தைக்கக் கிடைப்பது 16, 17 அங்குலம். வடிவத்தின் ஒரு வரிசை 8 அங்குல உயரம் என்று வைத்தால் இரண்டு வரிசை முடியும். துணியை ஒரு தடவை உருட்டி, இன்னும் இரண்டு வரிசை. நாலு வரிசை, 32 அங்குலம், ஒரே ஓர் உருட்டல். அந்த ஒரு உருட்டல் கட்டாயம் வேண்டும் என்பதற்காகத்தான் 16 அங்குலத்தில் நிறுத்தாமல் 32 சொல்கிறேன். உருட்டாமல் தைத்துப் பழகியவர் பாதிதான் பழகியவர்.

உருட்டும்போது என்ன நடக்கிறது? துணி நகர்ந்துவிட்டது, கணினிக்கு அது தெரியாது. இரண்டாவது வரிசை எங்கே முடிந்தது என்று அது நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் இப்போது வேறு துணி இருக்கிறது. ஆகவே உருட்டும் முன் முந்தின வரிசையில் அடையாளம் தெரிகிற ஒரு வளைவின் உச்சியைப் பிடியுங்கள். ஊசியை அங்கே நிறுத்தித் திரையில் குறி. உருட்டியபின், அதே உச்சிக்கு மெஷினைத் தள்ளிப்போய் ஊசியை இறக்கி, "இதுதான் அந்த இடம்" என்று சொல்ல வேண்டும். ஒரு புள்ளி போதாது. இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் ஒன்று. ஒரு புள்ளி மட்டும் வைத்தால், துணி கொஞ்சம் சாய்ந்து உருண்டிருந்தாலும் வரிசை ஒரு பக்கம் முட்டும், மறுபக்கம் விலகும். கால் அங்குலம் விலகினால்கூட நாலடி தள்ளி நிற்பவர் கண்ணில் படும். நான் பழக்கும்போது இந்த ஒரு வேலையை மட்டும், தைக்காமல், ஆறேழு தடவை உருட்டி உருட்டிச் செய்யச் சொல்வேன். அலுத்துப்போகும். அலுக்கிற அளவுக்குச் செய்தவர்தான் பிறகு தடுமாறுவதில்லை.

தைக்கும் முன் ஊசி இறங்காமல் எல்லையை ஒரு சுற்று ஓடவிட்டுப் பாருங்கள். கிளாம்ப்பில் மோதுமா, சட்டத்தின் முனை தட்டுமா என்று அப்போதே தெரிந்துவிடும். வடிவம் மேல்துணியின் ஓரத்தைத் தாண்டி அரை அங்குலம் வெளியே போகட்டும், பிறகு வெட்டிவிடலாம். பாபின் நூலை மேலே இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள்; விட்டால் அடியில் பறவைக் கூடு கட்டும்.

ஓட ஆரம்பித்ததும் காப்பி குடிக்கப் போகாதீர்கள். வேலைக்காரி போல் மெஷின் வேலை செய்கிறது, நாம் முதலாளி என்ற நினைப்பு இந்தத் தொழிலில் நிறைய துணியைக் கெடுத்திருக்கிறது. பாபின் தீர்ந்துபோனால் பல மெஷின்கள் அறியாமல் காற்றில் தைத்துக்கொண்டே போகும். இரண்டடி ஊசித்துளை மட்டும் மிஞ்சும். சத்தத்தைக் கேளுங்கள். பாபின் நூல் இருக்கும்போது ஒரு தடிப்பான ஒலி, தீர்ந்ததும் மெலிந்துவிடும். தையல் கடையில் பத்து வருஷம் இருந்தவர் முதுகைத் திருப்பிக்கொண்டே இதைக் கண்டுபிடிப்பார். நூல் அறுந்தால் பதற வேண்டாம்: நிறுத்தி, அறுந்த இடத்துக்குச் சற்று முன்னால் நல்ல தையல் இருக்கும் இடம்வரை மெஷினைத் திரையில் பின்னால் நகர்த்தி, பாபின் நூலை மேலே எடுத்து, பழைய தையல்மேல் நாலைந்து தையல் ஏறிவரும்படி தொடருங்கள்.

எந்த வடிவம்? கட்டம், நேர்கோடு, சதுரம் எல்லாம் முதலில் வேண்டாம். கால் அங்குலப் பிசகையும் காட்டிக்கொடுத்துவிடும். அலை, கொடி, சுருள் போன்றவை பிசகை மறைத்துத் தரும். நெருக்கமான வடிவமும் வேண்டாம், விரிப்பு அட்டைபோல விறைக்கும்.

சிக்குக் கோலம் போடத் தெரிந்தவருக்கு இங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது. குவில்ட்டிங் வடிவத்தின் அடிப்படை விதி, நூல் அறுபடாமல் ஒரே கோடாக ஓட வேண்டும் என்பது. புள்ளிகளைச் சுற்றி, கை எடுக்காமல், தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் கோலம் அந்த விதிக்குப் பிறந்ததுபோல இருக்கிறது. கோலத்துக்கும் கணினிக்கும் உள்ள உறவும் நேற்று வந்ததல்ல: சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டிய ஆய்வுக் கட்டுரை 1974இல் வந்தது. வாசலில் குனிந்து போட்ட கோடு ஒரு கணக்கு என்று உலகத்துக்குச் சொன்னவர்கள் அவர்கள்.

ஆனால் கோலத்தை அப்படியே வரிசை வடிவமாக்க முடியாது. வரிசையில் ஓடுகிற வடிவம் இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரத்தில் முடிய வேண்டும். அப்போதுதான் அடுத்த துண்டு அதில் ஒட்டிக்கொள்ளும். கோலமோ தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. இரண்டு வழி உண்டு. நடுவில் ஒரு சதுரத்தில் தனி வடிவமாக வைக்கலாம். இல்லையென்றால் இடக்கோடியிலும் வலக்கோடியிலும் வளையத்தை அறுத்து, மேல்பாதிக் கோடு ஒன்று, கீழ்பாதிக் கோடு ஒன்று என இரண்டு ஓட்டமாக எழுதலாம். இப்படித் தானே வரைந்து வடிவக் கோப்பு செய்யத் தெரிந்தவர் துணி தைக்காமலும் சம்பாதிக்கலாம். உலகெங்கும் குவில்ட்டர்கள் வடிவங்களை விலை கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கிய வடிவத்தைத் தைத்து விற்கலாமா, கோப்பை மற்றவருக்குக் கொடுக்கலாமா என்பது உரிமப் பத்திரத்தில் இருக்கும். பெரும்பாலும் தைக்கலாம், கோப்பைப் பகிரக் கூடாது.

சின்னத் துணியைச் சின்ன விஷயம் என்று நினைப்பவருக்குச் சாங்கியைச் சொல்வேன். 1942இல் சிங்கப்பூர்ச் சாங்கி சிறையில் அடைபட்ட பெண்களுக்கு ஆளுக்கொரு சிறு சதுரத் துணி; அதில் தன்னைப் பற்றி ஏதாவது தைத்துப் பெயரிட வேண்டும். இந்த யோசனை கனடாவைச் சேர்ந்த ஈத்தல் முல்வேனியுடையது. 66 சதுரங்கள் சேர்ந்து ஒரு போர்வை, அப்படி மூன்று போர்வைகள். வேறு பகுதியில் அடைபட்டிருந்த கணவர்களுக்கு, உயிரோடு இருக்கிறோம் என்ற சேதி அந்தச் சதுரங்களில் போனது. இரண்டு இன்று கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. அதே போர்க்காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிப் போனார்கள். அவர்கள் பெயரைத் தைக்க ஒரு சாண் துணி யாரும் கொடுக்கவில்லை. நான் தைக்கிற ஒவ்வொன்றின் பின்பக்க மூலையிலும் பெயர், ஊர், தேதி மூன்றும் எழுதிய சிறு துணியை வைத்துத் தைப்பது அதனால்தான். நீங்களும் தையுங்கள். வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும்.

கூலிக் கணக்கு

நீள்கை மெஷின் வேலைக்குப் பொதுவாகச் சதுர அங்குலக் கணக்கில் கூலி. நம் போர்வை 1,280 சதுர அங்குலம். கணக்குக்காகச் சதுர அங்குலத்துக்கு 3 காசு வைத்தால் 38 வெள்ளி 40 காசு. துணியைச் சரிபார்க்க, மாட்ட, நூல் சோதிக்க, தைக்க, இறக்கி ஓரம் வெட்ட எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். 2025இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. நாலு மணி நேரத்துக்கு 34 வெள்ளி 88 காசு. மிச்சம் மூன்றரை வெள்ளியில் ஊசி, நூல், மின்சாரம், மெஷின் வாடகை. கட்டுபடியாகாது. 80க்கு 90 பெரிய போர்வை 7,200 சதுர அங்குலம், 216 வெள்ளி; மாட்டுகிற நேரமோ இரண்டு மடங்குகூட ஆகாது. ஆகவே சின்னதைப் பழகத் தையுங்கள், பிழைக்கப் பெரியதை எடுங்கள், சின்னதைக் கொண்டுவரும் வாடிக்கையாளருக்குக் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழகியவர், சொந்தக்காரர் என்று விட்டுக்கொடுத்தால் முதல் வருஷத்திலேயே கை ஓய்ந்துவிடும்.

வாடிக்கையாளர் எங்கே? அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மேல்துணியைத் தானே ஒட்டுச் சேர்த்து, நடுத்தையலுக்கு மட்டும் நீள்கைக்காரரிடம் அனுப்புகிற வழக்கம் ஊன்றிவிட்டது. இந்தியாவில் 2019 சனவரியில் சென்னையில் இந்தியா குவில்ட் திருவிழா நடக்கும் அளவுக்கு ஆர்வம் வளர்ந்திருக்கிறது. நம் ஊரில் இதை மட்டுமே நம்பிக் கடை திறக்காதீர்கள். கட்டில் விரிப்புப் பட்டை, குஷன் உறை, பை, ஜாக்கெட் உள்துணி என்று கூட எடுங்கள். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகள் விடுதிகளாக மாறியிருக்கின்றன. கைலித் துணியில் செய்த கட்டில் பட்டையின் மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு அங்கே நேரில் போங்கள். மெத்தை ஆலைகளிலும் பல ஊசிகள் கொண்ட கணினி குவில்ட்டிங் மெஷின்கள் ஓடுகின்றன; அங்கே வேலை தேடுபவருக்கு இந்தப் பழக்கம் நேர்காணலில் பேசும்.

மெஷினை வாங்காதீர்கள், இப்போதைக்கு. கணினியோடு சட்டமும் சேர்ந்தால் அமெரிக்க விலையிலேயே பத்தாயிரம் டாலருக்கு மேல். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைத்தால் போதும். அதுவும் கிடைக்காவிட்டால் தையல் கடைகளில் இருக்கிற கணினி எம்பிராய்டரி மெஷினில் தொடங்குங்கள். 5க்கு 7 அங்குல வளையத்தில் மூன்றடுக்கையும் பிடித்து, துண்டு துண்டாக நகர்த்திப் போர்வை முழுக்கத் தைக்க முடியும். ஒவ்வொரு நகர்த்தலிலும் பழைய வடிவத்தின் முனையோடு புதியதைப் பொருத்த வேண்டும். மேலே சொன்ன உருட்டல் வேலையேதான், இன்னும் அதிகத் தடவை. இதில் தேறியவர் நீள்கை மெஷினில் இரண்டே நாளில் உட்கார்ந்துவிடுவார்.

காகித வேலையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். தையலை அடிப்படையிலிருந்து கற்க வேண்டியவருக்கு கியாட்மாரா பயிற்சி நிலையம். வருஷக்கணக்காகத் தைத்தும் சான்றிதழ் இல்லாதவர், செய்த வேலைகளை ஆதாரமாகத் தொகுத்துக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். பெற பி.பி.டி. என்ற வழி இருக்கிறது. ஆகவே இன்றிலிருந்தே ஒவ்வொரு வேலையையும் முன்னும் பின்னும் படம் எடுத்து, அளவும் தேதியும் எழுதிவையுங்கள். காசு வாங்கித் தைக்க ஆரம்பித்தால் 30 நாளுக்குள் நிறுவனப் பதிவகமான எஸ்.எஸ்.எம்.இல் பதிவு: சொந்தப் பெயரில் வருஷத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. பதிவு இருந்தால்தான் இந்திய வணிகர்களுக்கான தெக்குன் ஸ்பூமி கடனுக்கு விண்ணப்பிக்கவே முடியும். கடனை மெஷினுக்கு வாங்காமல், ஆர்டர் வந்தபின் துணிக்கும் பஞ்சுக்கும் வாங்குவது என் யோசனை.

நிபோங் திபாலில் கொமுட்டர் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரியில் தீவுக்குப் போய்ப் பழகிய நாட்களில் ஒரு பையை எப்போதும் கொண்டுபோவேன்: புது ஊசி நாலு, சுற்றி முடித்த பாபின் ஆறு, சிறு தூரிகை, காந்தம், விசிட்டிங் கார்டு ஒன்று, சிவப்பும் நீலமும் நூல், ஒரு நோட்டு. நோட்டில் அன்றன்று துணி, பஞ்சு, ஊசி நம்பர், நூல் இறுக்க எண், வேகம். மூன்றாவது போர்வையிலேயே அந்த நோட்டு ஆசிரியரைவிட அதிகம் சொல்லித்தரும்.

முதல் போர்வையை இறக்கியதும் அடிப்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். மடிப்பு விழுந்த இடம், வளையம் விட்ட இடம், வரிசை விலகிய இடம் மூன்றையும் சோப்புத் துண்டால் வட்டமிட்டுப் படம் எடுத்து நோட்டில் சேருங்கள். பிறகு ஓரம் மடித்துத் தைத்து, மூலையில் பெயர்த் துணியை வைத்து, வீட்டில் விரித்துப் பயன்படுத்துங்கள், விற்க வேண்டாம். அடுத்த சனிக்கிழமைக்கு மெஷினை நாலு மணி நேரம் கேட்டுவையுங்கள். அதே அளவு, அதே வடிவம், அதே துணி. அடித்துணி மட்டும் நாலு பக்கமும் நாலு அங்குலம் இருக்கிறதா என்று வெட்டும் முன் ஒரு தடவை அளந்துவிடுங்கள்.